தராசின் முகம் எந்தப் பக்கம்?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய டவுனில் பஸ் நிலையத்திலிருந்து கோயில் சந்தி வரைக்கும் கமரா பூட்டப்போகிறார்களாம். "ஸ்மார்ட் டவுன்" என்று போர்டும் வருமாம். தேயிலைத் தோட்டத்தில் ஏற்கனவே பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பதிகிறதுக்கு, கைரேகை மெஷின் வந்தாயிற்று. "ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம், கள்ளன் பிடிபட்டால் நல்லதுதானே" என்கிறார் மாமா. தம்பிக்கு மனதில் ஏதோ உறுத்துகிறது, ஆனால் என்னவென்று எடுத்துச் சொல்ல வரவில்லை. இது நமக்கு நல்லதா, கெட்டதா?

மாமா சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். நான் கண்டி, நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கமெல்லாம் ஏணி தூக்கிக்கொண்டு போய்க் கமரா பூட்டியவன். இப்போது நெட்வொர்க் வேலை. அதனால் கமராவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை.

முதலில் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து தொடங்குகிறேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அந்தக் காலத்தில் தொங்கு தராசு. முள் எங்கே நிற்கிறது என்று சுற்றி நிற்கிற எல்லாருக்கும் தெரியும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழிப்பார், பெண்கள் சண்டை பிடிப்பார்கள். அப்புறம் ஒருநாள் மின்சாரத் தராசு வந்தது. ஆளுக்கொரு அட்டை. சாக்கை மாட்டி அட்டையைக் காட்டினால் "பீப்" என்று ஒரு சத்தம், நிறை நேரே ஒஃபிஸ் கொம்பியூட்டருக்குப் போய்விடும். மெஷின் பொய் சொல்லவில்லை, பழைய தராசைவிடத் துல்லியம்தான். ஆனால் இலக்கம் தெரிகிற முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருந்தது. கொழுந்து எடுத்தவளுக்குத் தெரிவது மெஷினின் முதுகு மட்டும். சத்தம் கேட்டால் போய்விட வேண்டியதுதான், மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்துத்தான் எத்தனை கிலோ என்று தெரியும்.

மூன்று வாரம் இப்படியே போனது. எங்கள் லயத்து அக்கா ஒருத்தி, படித்தவளும் இல்லை சங்கத் தலைவியும் இல்லை, ஒருநாள் சாக்கை மாட்டிவிட்டு மேசையைச் சுற்றிப் போய்க் கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அடுத்தவளும் நின்றாள். அதற்கு அடுத்தவளும். இடமில்லாமல் போய், கடைசியில் மனுசன் தராசையே திருப்பி வைத்துவிட்டார். ஈரத்துக்குக் கழிப்பது நிற்கவில்லை, சண்டையும் நிற்கவில்லை. ஆனால் எதைக் கழிக்கிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

ஸ்மார்ட் சிட்டி பற்றி யாராவது என்னிடம் பேசினால் எனக்கு அந்த மடுவம்தான் ஞாபகம் வரும். சிங்கப்பூராக இருக்கட்டும், கொழும்பாக இருக்கட்டும், தம்பியின் டவுனாக இருக்கட்டும், நான் முதலில் கேட்பது தராசின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான்.

சரி, கமராவுக்கு வருவோம். கமரா என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. நான் பூட்டிய சாதாரணக் கமரா படத்தைப் பிடித்து ஒரு பெட்டிக்குள் போடும். பெட்டி நிறைந்தால் பழைய படத்தின் மேலேயே புதியது எழுதப்படும். இரண்டு கிழமையோ ஒரு மாதமோ, ஹார்ட் டிஸ்கின் அளவைப் பொறுத்தது. கடையில் களவு போனால் யாராவது உட்கார்ந்து மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டும். அந்தச் சோம்பல்தான் இவ்வளவு காலமும் நமக்குப் பாதுகாப்பாக இருந்தது, யாருக்கும் பார்க்க நேரமில்லை.

வாகன இலக்கத்தை வாசிக்கிற கமரா வேறு சாதி. அது படத்தை எழுத்தாக்கிவிடுகிறது. எழுத்தானால் தேடலாம். "இந்த ஓட்டோ மூன்று மாதத்தில் எத்தனை தரம், எத்தனை மணிக்கு இந்தச் சந்தியைத் தாண்டியது" என்று கேட்டால் ஒரு நொடியில் பதில் வரும். முகத்தை அடையாளம் காண்கிற மென்பொருள் அதையே மனிதருக்குச் செய்கிறது. வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வெள்ளை உருண்டைதான். மென்பொருளைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், புதிய ஏணி கூடத் தேவையில்லை. 2024 ஜனவரியில் கொழும்பில் கமராப் படத்தை வைத்துப் பொலிஸார் போக்குவரத்துக் குற்றங்களுக்கு நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்களே, அந்த மாதிரி ஒன்று மலைக்கு ஏறி வராது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவனைப் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை.

எனக்குக் கவலை அந்தப் பெட்டி இருக்கிற அறையைப் பற்றித்தான். ஓரிடத்தில், பெயர் வேண்டாம், பழுது பார்க்கப் போனேன். பெட்டிக்கு மேலேயே ஒரு துண்டுக் கடதாசியில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே பாஸ்வேர்ட், மாற்றவே இல்லை. தேத்தண்ணி கொண்டுவருகிற பையன் திரையைப் பார்த்து, யார் யாரோடு பஸ் ஏறினார்கள் என்று எனக்கே கதை சொன்னான். இன்டர்நெட்டிலும் கொடுத்திருந்தார்கள், முதலாளி வீட்டிலிருந்து போனில் பார்ப்பதற்காக. இந்த மாதிரிப் பாஸ்வேர்ட் மாற்றாத கமராக்களையும் பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் பிடித்துத்தான் 2016 ஒக்டோபரில் மிராய் என்ற வைரஸ் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையத்தளங்களை ஒருநாள் படுக்கப்போட்டது. கள்ளனைப் பிடிக்கப் பூட்டிய கமரா, கள்ளனுக்கு வேலைக்காரன் ஆன கதை.

இனி மாமாவின் கேள்வி. ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?

மாமாவின் பழைய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 2016இலிருந்து வருகிற பன்னிரண்டு இலக்க அட்டையிலும் அதே கணக்குத்தான், வருடம் மட்டும் நான்கு இலக்கமாகியிருக்கிறது. ஆக, அந்த இலக்கத்தைக் கொடுத்தாலே வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கொடுத்துவிட்டோம். அதைத்தான் சிம் வாங்கவும், பார்சல் எடுக்கவும், போட்டோக்கொப்பிக் கடையிலும் நீட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போது இந்தியாவின் உதவியோடு கைரேகை, கண், முகம் எல்லாம் சேர்ந்த டிஜிட்டல் அடையாள அட்டைக்கும் வேலை நடக்கிறது.

அப்புறம், நம் ஆட்களுக்குக் கடதாசி என்றால் என்ன என்று மாமாவுக்குத் தெரியாதா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் தாத்தா பாட்டியை நாடற்றவர்களாக்கியபோது அவர்கள் என்ன களவு செய்தார்கள்? ஒளிக்க அவர்களிடமும் ஒன்றும் இருக்கவில்லை. அப்பா இங்கே பிறந்தார் என்பதற்குக் கடதாசி இல்லை, அவ்வளவுதான். 1964இல் இலங்கை, இந்தியத் தலைவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து எத்தனை இலட்சம் பேர் அங்கே, எத்தனை இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு சமூகத்தின் ஐம்பது வருடம் போயிருக்கிறது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன், பதிவு எழுதுகிறவரின் நல்ல மனதை நம்பி இருக்கச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

கள்ளன் அல்லாதவனுக்கும் பிறர் பார்க்காமல் செய்ய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. சங்கம் மாறப்போகிறவன் மற்றச் சங்கத்தின் ஒஃபிஸுக்கு ஏறுகிறான். புருசனிடம் அடி வாங்கியவள் சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறாள். ஒரு பெண்பிள்ளை, வீட்டுக்குச் சொல்லாமல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறாள். 2018 ஒக்டோபரில் தோட்டத்து ஆட்களின் ஆயிரம் ரூபாய் நாள்சம்பளத்துக்காக நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்களே, அவர்களில் எத்தனை பேர் வேலைத்தளத்தில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்? டவுனில் ஏற்கனவே எல்லாருக்கும் எல்லாம் தெரியும்தானே என்று சொல்வீர்கள். தெரியும். ஆனால் பார்த்த மாமிக்கு மறதி உண்டு, அவளை நான் திருப்பிப் பார்க்கவும் முடியும். பெட்டிக்கு இரண்டும் இல்லை.

"பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவை வைத்திருப்போம்" என்பார்கள். பெரிய நகரத்திலேயே அது சரிவராது. 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில் 15 இலட்சம் பேரின் போன் தரவை எடுத்துப் பார்த்தார்கள். எங்கே, எந்த நேரத்தில் என்று நான்கே நான்கு புள்ளி தெரிந்தால் போதும், 95 வீதமானவர்களைத் தனியாகப் பிரித்துவிடலாம். நம் டவுனுக்கு நான்கு எதற்கு? காலை ஐந்தரைக்கு மேல்பிரிவு லயத்திலிருந்து இறங்கி ஆறு மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற ஆள் ஒருத்தர்தான் இருப்பார்.

இன்னொன்று, ஒரு காரியத்துக்கு என்று வந்தது அந்தக் காரியத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் சான் டியாகோ நகரம் மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம், வாகன நெரிசலை எண்ணலாம் என்று சொல்லித் தெருவிளக்குகளை மாற்றியது. ஆயிரக்கணக்கான விளக்குகளுக்குள் கமராவும் இருந்தது. பிறகு பொலிஸ் அந்தப் படங்களை வழக்குகளுக்கு எடுக்கத் தொடங்கியது. தலைக்கு மேல் விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு விசயம் தெரிந்து சத்தம் போட, 2020இல் மேயர் கமராக்களை நிறுத்தச் சொன்னார். சிங்கப்பூரில் கொரோனாக் காலத்தில் யாருக்கு யார் அருகில் இருந்தார் என்று பார்க்கும் செயலி ஒன்று வந்தது, நோய்த் தடுப்புக்கு மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் பொலிஸும் அதை எடுக்கலாம் என்று பாராளுமன்றத்தில் சொன்னார்கள். அவ்வளவு ஒழுங்கான ஊரிலேயே அப்படி.

நம் ஊரையும் சொல்ல வேண்டும். எரிபொருளைப் பங்கிட 2022 ஜூலையில் வந்த கியூஆர் முறை நினைவிருக்கிறதா? நான் அதை மெச்சுகிறேன். மூன்று நாள் வரிசையில் தூங்கியவனுக்குத் தெரியும் அதன் அருமை. 2023 செப்டெம்பரில் தேவை முடிந்ததும் நிறுத்தினார்கள், அதுவும் நல்லது. ஆனால் நாம் கொடுத்த அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், போன் இலக்கம் எல்லாவற்றையும் எப்போது அழிப்பீர்கள் என்று யார் கேட்டோம்? நானும் கேட்கவில்லை. பெற்றோல் கிடைத்த சந்தோசத்தில் மறந்துவிட்டேன்.

தோட்டத்துக் கைரேகை மெஷினைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், தம்பிக்கு அதுதான் அவசரம். ஒரு அலுவலகத்தில் அம்மாவின் கைரேகை எடுக்க உட்கார்ந்தோம். பதினொரு தரம் வைத்தார். வலது பெருவிரல், இடது பெருவிரல், ஆட்காட்டி விரல். மெஷின் சிவப்புத்தான் காட்டியது. மேசையில் இருந்தவர் கோபமில்லாமல்தான் சொன்னார், "கையைக் கழுவிட்டு வாங்கம்மா." அம்மா எழுந்து போய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். கறை போகவில்லை, அது எப்படிப் போகும், கொழுந்துச் சாறு தோலுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. பிரச்சினை கறையும் இல்லை. அந்த மெஷின் பார்ப்பது விரலின் மேடு பள்ளத்தை. முப்பது வருடம் தளிரைக் கிள்ளிக் கிள்ளி அந்த மேடு தேய்ந்துபோயிருக்கிறது. அன்றைக்கு அம்மா தன் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

இப்போது அதே மெஷினைக் காலை ஆறரை மணிப் பனியில், பிரட்டுக்களத்தில், குளிரில் விறைத்த விரலுக்கு முன்னால் வையுங்கள். ஐந்து பேருக்குச் சிவப்பு விழுந்தால் அந்த ஐந்து பேருக்கும் பேர் விழுமா விழாதா, அதாவது அன்றைய சம்பளம் உண்டா இல்லையா? இதை மெஷின் முடிவு செய்கிறதா, ஒரு ஆள் முடிவு செய்கிறாரா? பக்கத்தில் எழுதுகிற கொப்பி இருக்கவேண்டும், அதில் கையெழுத்து இருக்கவேண்டும். விரல் பிடிக்காதவருக்கு அட்டை கொடுக்கலாம். அட்டை தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம், கைரேகை ஒருமுறை வெளியே கசிந்தால் வேறு விரல் யார் தருவார்? இன்னார் இன்று வேலைக்கு வந்தார் என்று எழுதுவதற்கு உடம்பின் ஒரு பகுதி தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முகத்துக்கும் இதே கதை உண்டு. 2018இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிற மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை ஆண்களில் பிழை அதிகமாய்ப் போனால் 0.8 வீதம், கறுத்த பெண்களில் 34.7 வீதம் வரை. அதற்குப் பிறகு மென்பொருள் நன்றாகவே முன்னேறிவிட்டது, மறுக்கவில்லை. ஆனாலும் 2020 ஜனவரியில் டிட்ரொயிட் பொலிஸார், மென்பொருள் தவறாகக் காட்டிய ஒரு கறுப்பினத்தவரை, அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால் விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். நம் நிறத்தில் நம் ஊர் மங்கல் வெளிச்சத்தில், மப்ளர் சுற்றிய முகத்தை அது எப்படி வாசிக்கும் என்று பூட்டுவதற்கு முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னதால் கருவியே வேண்டாம் என்கிறேன் என்று எடுக்காதீர்கள். மலைநாட்டுக்குக் கருவி நிறைய வேண்டும், ஆனால் முதலில் மலையை அளக்கிற கருவி வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது, தெரிந்தது லயத்துக்குப் போய்ச் சேர்ந்து ஆட்களை எழுப்பவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு முழுவதும் மறுபடி அதைப் பார்த்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற கணக்கு எளிமையானது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும், ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். மண் குடித்த தண்ணீர் உள்ளிருந்து தள்ளத் தொடங்கும்போது பிடிமானம் விட்டுப்போகிறது, கணக்கின் அடிப்படை அதுதான். பக்கத்து மலையில் 150 பெய்யும்போது நம் மலையில் 60தான் பெய்திருக்கும். ஆகவே மழைமானி பிரிவுக்குப் பிரிவு வேண்டும். அளவு தானாக ஒஃபிஸுக்குப் போகட்டும், கூடவே லயத்தடியில் ஒரு சைரன் தமிழில் "வெளியே வாங்க" என்று சொல்லட்டும். இதற்கு யாருடைய முகமும் வேண்டாம், யாருடைய பெயரும் வேண்டாம். பஸ்ஸில் ஜிபிஎஸ் பூட்டிக் கடைசி பஸ் எங்கே நிற்கிறது என்று போனில் காட்டினால், பனியில் ஒன்றரை மணித்தியாலம் நிற்கிற பிள்ளைகளுக்கு அது போதும். அதுவும் பஸ்ஸைத்தான் பின்தொடர்கிறது, ஏறியவரை இல்லை. ஒரு கமராத் தொகுதியின் காசில் எத்தனை மழைமானி வரும் என்று சபையில் ஒருவராவது கேட்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்றே வந்தது. எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி எடு, அதற்கு மேல் வைத்திருக்காதே, கேட்டால் காட்டு என்பதுதான் அதன் சாரம். 2025 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வரவிருந்ததைத் தள்ளிப்போட்டார்கள். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கம் என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை, இந்தியாவில் 2017இல் உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் நம் கையில் வேறொரு நல்ல ஆயுதம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். நகரசபையோ பிரதேச சபையோ, அங்கே தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்கவேண்டும். எழுத்தில் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தை அவர்கள் வாங்கியதற்குத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

என்ன கேட்பது? கமராக்காரனாகச் சொல்கிறேன், எத்தனை கமரா என்று கேட்டு வீணாக்காதீர்கள், அதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள். படம் எத்தனை நாள் இருக்கும், வாகன இலக்கமோ முகமோ வாசிக்கிற மென்பொருள் அதற்குள் இருக்கிறதா, பெட்டி யாருடைய கட்டடத்தில் இருக்கிறது, திறப்பு யாரிடம், ஒப்பந்தக்காரர் தன் ஒஃபிஸிலிருந்து பார்க்க முடியுமா, யார் எப்போது பார்த்தார் என்று பதிவு உண்டா, பொலிஸ் கேட்டால் எழுத்தில் கேட்கவேண்டுமா, வாயால் கேட்டால் போதுமா. கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது, அதனால் அதைத் தனிப் பந்தியில் எழுதுங்கள். தோட்டத்து மெஷினுக்குத் தகவலறியும் சட்டம் நேராகப் பிடிக்காது, அது கம்பெனி. அங்கே சங்கத்தின் மூலம்தான், அதுவும் சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது.

நான் முன்பு எழுதிய விண்ணப்பம் ஒன்று தமிழில் இருக்கிறது, ஒரே பக்கம்தான், வேண்டுமென்றால் தருகிறேன், டவுன் பெயரை மட்டும் மாற்றினால் போதும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அவருடைய பெயரிலேயே போடுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாத ஆள்தானே, சபைக்கும் அதே மாதிரி ஒளிக்க ஒன்றுமில்லையா என்று அவரே போய்க் கேட்கட்டும்.